சூசை அண்ணையின் முதுகும் என் இடது காலும்

சூசை அண்ணை இறந்த செய்தி கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்தபோது நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். காலையில் குண்டு விழுந்த சத்தம் பரந்தன் சந்தியில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. எங்கே விழுந்தது என்றுதான் தெரியவில்லை. வரிசையில் நான்காவதாக வந்து நின்றவர் சொன்னார்: "உங்கட எக்சசைஸ்காரர் முடிஞ்சுதாம். காலமை கிபிர் விமானம் அடிச்சதிலை." சொல்லிவிட்டு, தன் இடம் பறிபோகாமல் முன்னால் நின்றவரோடு ஒட்டி நின்றுகொண்டார். நான் தராசில் கிடந்த சீனியை நிறுத்து முடித்தேன். அடுத்தவருக்கும் நிறுத்தேன். செய்தி கொண்டுவந்தவருக்கும் கொடுத்த பிறகுதான் கடையைச் சாத்தினேன். சாவுச் செய்திகளை அந்த நாட்களில் நாங்கள் அப்படித்தான் வாங்கிக்கொண்டோம்.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று அவருடைய மனைவி றீற்றா அக்கா சொன்னார். "தம்பி, நீங்கள்தான் அவரோடை கூடப் பழகினனீங்கள். ஒரு ரெண்டு பக்கம் நல்லதாய் எழுதித் தாங்கோ." நல்லதாய் எழுத மூன்று தரம் முயன்றேன். பண்பாளர், பாசமிகு கணவர், யாவர்க்கும் இனியவர் என்றெல்லாம் வந்தது. அவரை அறிந்த நீங்கள் அதை வாசித்தால் சிரிப்பீர்கள். யாவர்க்கும் இனியவராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அவர் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்து வளர்ந்தவர். றீற்றா அக்காவைக் கட்டிய பிறகு பரந்தனுக்கு வந்து சங்கக்கடையில் மனேஜர் ஆனார். சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடம் நான் அங்கே எழுதுவினைஞனாகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது. விடியும்போதே ஆனையிறவுப் பக்கமாக ஓடத் தொடங்குவார். வீதியின் இரண்டு பக்கமும் மிதிவெடிப் பலகைகள். தாரை விட்டு ஓர் அடி இறங்காமல், உப்பளம் கண்ணில் படும்வரை ஓடித் திரும்பி வருவார். வந்து கடையின் பின்பக்கம் நூறு தண்டால். தேர் இழுக்கிற நேர்த்திக்கடன் உள்ளவர்கள்கூட அப்படித் தவறாமல் செய்து நான் பார்த்ததில்லை.

நோயாளிகளை அவருக்குப் பிடிக்காது. "நோ எண்டது வேலை செய்யாத உடம்பு சொல்லுற சாட்டு," என்பார். ஒருநாள் வரிசையில் நின்ற ஓர் அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாரி நோகுது, இருக்க ஒரு கதிரை தாங்கோ என்று கேட்டார். "கதிரையிலை இருந்துதான் உங்களுக்கு நாரி பிடிச்சது. குனிஞ்சு நிமிருங்கோ, மாறும்," என்று முழுக் கடைக்கும் கேட்கச் சொன்னார். கதிரை கொடுக்கவில்லை.

எனக்கு அவர் வைத்த பெயர் மாச்சாக்கு. அப்போது நான் எண்பத்தெட்டுக் கிலோ. அதை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. எனக்குச் சம்பந்தம் பேசி, பெண்ணின் தகப்பனார் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வந்து, சாமான் வாங்குகிறவர் போலக் கடையில் நின்று என்னைப் பார்த்தார். சூசை அண்ணைக்கு அது விளங்கிவிட்டது. "இவரைத்தான் எடுக்கிறதெண்டால் கட்டிலைப் பாலை மரத்திலை செய்வியுங்கோ," என்றார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். சம்பந்தம் அத்தோடு சரி. அது குழம்ப வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனக்கு ஒரு காரணம் போதுமாக இருந்தது.

அடுத்த வருடம் லொறியில் மா வந்த ஒரு நாள், நான் ஒரு மூட்டையோடு இழுபடுவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு, நான் ரெண்டாய்த் தூக்கிக் காட்டுறன்," என்று குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. முகம் மட்டும் எங்களைப் பார்த்து ஏதோ யோசிப்பது போல இருந்தது. மூட்டை தள்ளும் வண்டிலில் அவரைப் படுக்க வைத்து வெளியே கொண்டுவந்தோம். வரிசையில் அந்தக் கதிரை கேட்ட அம்மாவும் நின்றார். "குனிஞ்சு நிமிருங்கோ மனேஜர், மாறும்," என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை அவர் வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் தாயின் வயிற்றிலிருந்து தலைக்குப் பதிலாகக் கால் முன்னே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் இடது காலால் மூன்று தரம் மிதித்தால் நாரிப்பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெள்ளிக்கிழமை காலை, வாசலில் குப்புறப் படுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு மிதித்திருக்கிறேன். மிதிப்பது என்றால் பாதத்தை வைத்து எடுப்பதுதான், பாரம் கொடுப்பதில்லை. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

றீற்றா அக்கா வாசலில் பாய் விரித்திருந்தார். அயலட்டை ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். முதல் மிதியை முறையாக வைத்து எடுத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குக் காலைத் தூக்கும்போது அவர் முகத்தைப் பாயில் வைத்தபடியே சொன்னார்: "பாத்தடா, மாச்சாக்கு முழுசாய் விழுந்தால் நான் சப்பளிஞ்சு போவன்." நின்றவர்கள் சிரித்தார்கள். தண்ணீரூற்றுக்காரரின் அந்தப் பழைய சிரிப்பு எனக்குக் கேட்டது. அந்த மூன்றாவது தரம் நான் காலை வைக்கவில்லை. இறக்கினேன். எண்பத்தெட்டுக் கிலோவும் ஒரு குதிக்கால் வழியாக இறங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். "மாதாவே!" என்று கத்தினார்.

பிறகு எழுந்து நின்றார். நேராக நின்றார். ஆட்கள் என் காலைப் புகழ்ந்தார்கள். றீற்றா அக்கா எனக்குத் தோடம்பழம் கரைத்துத் தந்தார். குடித்தேன். என் கோபமும் தீர்ந்தது, அவர் நோவும் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் விடிய அவர் ஓடப் போனார். உப்பளத்துக்குக் கிட்ட விழுந்து, இடது கால் மரத்து, விறகு லொறி ஒன்றில் திரும்பி வந்தார்.

கிளிநொச்சியில் டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். "முதுகெலும்பிலை தட்டு விலகி நரம்பை அமத்துது. ஆரும் மிதிச்சவையோ? இஞ்சை கனபேர் மிதிச்சுக் கெடுத்துப்போட்டுத்தான் வருகினம்," என்றார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லை ஐயா. மூட்டை தூக்கினது," என்றார் சூசை அண்ணை.

"இனி ஓட்டம், தண்டால், பாரம் தூக்குறது எல்லாத்தையும் மறந்துவிடுங்கோ."

"அப்ப சாகுமட்டும் நான் என்ன செய்யிறது?"

"நடவுங்கோ. மெதுவாய் நடவுங்கோ."

வெளியே வந்து படியில் நின்றோம். இறங்க என் தோளைப் பிடித்தார். "முதல் ரெண்டும் மருந்து," என்றார். "மூண்டாவது மருந்தில்லை. என்ரை முதுகுக்குத் தெரியும்." ஒரு படி இறங்கினார். "அந்தத் தண்ணீரூற்றுப் பொம்பிளை விசயமோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். "அவள் உனக்குச் சரிவந்திருக்க மாட்டாள்," என்றார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மன்னிக்கவுமில்லை. ஆனால் வேறு ஒருவருக்கும் சொல்லவுமில்லை. றீற்றா அக்காவுக்குக்கூட.

அதன்பின் வந்த மூன்று வருடங்கள் அவருக்கு நரகம். நோவைவிட ஓட முடியாததுதான் அவரைத் தின்றது. விடிய எழும்பி, ஓடப் போகிறவர் போல உடுத்துக்கொண்டு, வீதி வாசல் படலையில் நிற்பார். தண்டால் போட முயன்று இரண்டாவதிலேயே விழுந்து, எறும்பு ஏற ஏறக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தூக்கப் போனால் வசவு விழும். பிறகுதான் டொக்டர் சொன்ன வழிக்கு வந்தார், அதையும் தன் பாட்டுக்கு மாற்றிக்கொண்டு. பழைய சைக்கிள் ரியூப்பைத் தூணில் கட்டி இழுத்தார். கடையில் மாமூட்டைகளுக்கு மேல் கால்களைப் போட்டுத் தரையில் படுத்துக்கொண்டே வேலை ஏவினார். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மாதங்களில் வாய்க்காலில் இடுப்பளவில் இறங்கி, ஓட்டத்துக்கு எதிராக நடந்தார். கரையில் மாடு கழுவ வந்தவர்கள் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். தண்ணிக்குள்ளை எனக்கு ஐம்பது வயசுமில்லை, நாரியுமில்லை," என்றார். வாய்க்காலைப் பூட்டிய அன்று வீட்டில் ஒருவரோடும் பேசமாட்டார்.

சண்டை திரும்பவும் தொடங்கியது. விமானங்கள் வந்தன. எல்லோர் வீட்டு வளவிலும் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினோம். அவர் வளவில் நான் வெட்டினேன், அவர் பக்கத்தில் நின்று என் வயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேலே பனங்குற்றி, அதற்குமேல் மண்மூட்டை. வாசல் எங்கும்போலச் சின்னது. குனிந்து புகவேண்டும். அவரால் குனிய முடியாது. வாசலைப் பெருப்பித்தால் குண்டுச் சிதறல் உள்ளே வரும் என்று அவரே மறித்துவிட்டார்.

அதையும் அவர் தேகப்பயிற்சி ஆக்கினார். முழங்காலில் நின்று, மெல்லக் குப்புறப் படுத்து, பின்பக்கமாக, கால் முன்னே போக உள்ளே இறங்குவது. ஒவ்வொரு காலையும் பழகினார். றீற்றா அக்கா உள்ளே இருந்து எண்ணுவார். முதல் நாள் நூற்றுப்பத்து. கிழமைக்குக் கிழமை குறைத்து நாற்பதுக்குக் கொண்டுவந்தார். நாற்பது எண்ணிய அன்று, தலை மட்டும் வெளியே தெரிய, வேர்வையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியோ மாச்சாக்கு, நானும் உன்னை மாதிரிக் காலாலை வாறன்." இருபதுக்குக் கொண்டுவருவேன் என்று நின்றார். தான் இறங்கும்போது வாசல் அடைபடும் என்பதால் எல்லோரும் போன பிறகு கடைசியாகத்தான் இறங்குவேன் என்று சட்டமும் வைத்தார்.

அன்று காலையும் கடைசியாகத்தான் இறங்கினார். றீற்றா அக்காவும் பக்கத்து வீட்டாரும் உள்ளே போய்விட்டார்கள். பழக்கதோசத்தில் அக்கா எண்ணத் தொடங்கினாராம். கால்கள் வந்தன. இடுப்பு வந்தது. "கெதியாய் வாங்கோ" என்று இரண்டு காலையும் பிடித்து இழுத்திருக்கிறார். "இருபத்தாறு எண்ணேக்கை விழுந்தது தம்பி. கால் ரெண்டும் என்ரை கையிலை இருந்தது. அதிலை ஒரு கீறல்கூட இல்லை," என்றார் என்னிடம். வெளியே இருந்த பாதி உடம்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். வந்த நீங்கள் பார்த்தீர்கள்.

நாற்பது எண்ணும் நேரம் விமானம் தராது. குனியத் தெரிந்த முதுகுக்கு மூன்று எண்ணினால் போதும். இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் போட்டுப் பார்க்கிறேன். மூட்டை தூக்கியதிலேயே தட்டு விலகியிருக்கலாம், அவரே ஓடிக் கெடுத்திருக்கலாம், மூன்றாவது மிதி இல்லாவிட்டாலும் இதுவே நடந்திருக்கலாம். இவற்றையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். என் குதிக்காலுக்கு அந்தச் சத்தம் இன்னும் தெரியும்.

அவருடைய சைக்கிள் ரியூப்பை றீற்றா அக்கா எனக்குத் தந்தார். ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். மாச்சாக்கு என்ற பெயரும் என்னிடம்தான் இருக்கிறது. இனி அப்படிக் கூப்பிட ஆளில்லை. டொக்டருக்கு முன்னால் எனக்காக அவர் சொன்ன அந்த "இல்லை ஐயா"வும் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சொல் அதுதான். இவ்வளவு காலமும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

போன கிழமை இந்தக் கட்டுரையைக் கேட்டு வந்த றீற்றா அக்கா, தூணைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாகச் சரிந்து நின்றார். "அவரை இழுத்ததிலை என்ரை நாரியும் பிடிச்சிட்டுது தம்பி. வாற வெள்ளிக்கிழமை ஒருக்கா வந்து காலை வைச்சு எடுத்துவிடுங்கோ. அண்டைக்கு அவரை எழுப்பி நிப்பாட்டினது உங்கட கால்தானே."

"வாறன் அக்கா," என்றேன்.

மலர் வியாழக்கிழமை அச்சாகி உங்கள் கைக்கு வந்துவிடும், அக்கா. ஒரு நாள் இருக்கிறது, முழுக்க வாசியுங்கள். வெள்ளிக்கிழமை காலை நான் சொன்னபடி வருவேன். வாசலில் பாய் விரித்திருக்கிறதா, படலை பூட்டியிருக்கிறதா என்று வீதியில் நின்று பார்ப்பேன்.