பனி அண்ணாச்சி உள்ளே போன வீடு

கோமதிநாயகம் அண்ணாச்சியை நான் முதலில் பார்த்தபோது படுத்துக் கிடந்தேன். 1977. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த தானியக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த இரண்டாவது வாரமே காய்ச்சல். தம்பானூர் லாட்ஜ் அறையில் போர்த்திக்கொண்டு கிடந்தவனிடம், ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, புறங்கையை என் கழுத்தில் வைத்தார்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினேன். பிறகுதான் யாரென்று கேட்டேன்.

"கம்பெனி டைம்கீப்பர். லீவு கேட்டிருந்தீங்கல்லா? பனி உள்ளதுதானான்னு பாக்கணும்."

"நான் பி.ஏ. படிச்சவன். பொய் சொல்லி லீவு எடுப்பேனா?"

"பி.ஏ. படிச்சவங்களுக்குப் பொய் வராதுன்னு ரூல்ல இல்லியே தம்பி."

நீளமான நோட்டில் 'காய்ச்சல் உண்டு' என்று எழுதி என்னிடமே காட்டினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். சாலைத் தமிழிலும் அப்படித்தான். அதனால் கிடங்கில் எல்லோருக்கும் அவர் பனி அண்ணாச்சி. யாராவது சீக்கென்று வராமல் இருந்தால், மூன்றாம் நாள் அண்ணாச்சி சைக்கிளில் அந்த ஆள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அக்குளில் வெங்காயம் வைத்துக் காய்ச்சலை வரவழைப்பவர்களை அவர் தொட்டுப் பார்ப்பதில்லை, மோந்து பார்ப்பார். பல்வலி என்றால் எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டு, ஆளுக்கும் ஒன்று நீட்டுவார். வாங்கி மென்றால் மறுநாள் வேலை. பதினாலு வருஷத்தில் அவர் பார்க்காமல் எழுதிய வரி ஒன்றுமில்லை. வேலைக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் நிஜமாகவே படுத்துவிட்டால் அவரைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

காரணம் ரூல். ஒருவர் சீக்கென்று பத்து நாள் வராவிட்டால் டாக்டர் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் அண்ணாச்சி நேரில் பார்த்து எழுதிய குறிப்பு வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பதினோராம் நாள் பேர் வெட்டு.

1978 மாசியில் மூட்டை தூக்கும் இசக்கிப்பாண்டி வரவில்லை. அண்ணாச்சி மூன்றாம் நாள் போனார். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. இசக்கிப்பாண்டியின் மனைவி ஆவுடைத்தாய் நிலைப்படியை மறித்து நின்றாள்.

"அங்ஙனயே நில்லுங்க அண்ணாச்சி. அம்மா வந்திருக்கா."

"டாக்டர்ட்ட காட்டுனா ஒரு சீட்டுத் தருவாருல்லா?"

"அம்மாவைக் கொண்டுபோயி டாக்டர்ட்ட காட்டச் சொல்லுதியளா?"

அண்ணாச்சி வீட்டிலும் அம்மைக்கு டாக்டர் கிடையாது. ஆறாம் நாளும் வாசலோடு திரும்பினார். நோட்டில் எழுதினார்: 'வேப்பிலை உண்டு. ஆளைப் பார்க்கவில்லை. குரல் கேட்டது.'

மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அம்மை குரலுக்கா வந்திருக்கு, ஓய்? வேப்பிலைக்கெல்லாம் லீவு கொடுக்க முடியாது. ரூல் ரூல்தான்."

இசக்கிப்பாண்டியின் இடத்துக்குப் பதிலி ஆள் ஒருவன் ஏற்கெனவே கிடங்கு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"பாத்தேன்னு எழுதிருங்க அண்ணாச்சி. யார் போய்ப் பாக்கப்போறா?" என்றேன்.

"பாக்காததை ஒரு தடவை எழுதிட்டா, நாளைக்கு ஒருத்தன் நெசமாவே சாகக் கெடக்கும்போது என் எழுத்தை எவன் நம்புவான்?"

ஒன்பதாம் நாள் நானும் கூடப் போனேன். ரூல் புத்தகத்தைப் படித்துக் காட்டினால் ஆவுடைத்தாய் இணங்குவாள் என்பது என் கணக்கு. படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது கம்பெனி ரூலு. இந்த வீட்டு ரூலு வேற. உள்ள வந்தா தலைக்கு மூணாந் தண்ணி ஊத்துறது வரைக்கும் இங்கதான் கெடக்கணும். பாத்துட்டு உடனே தெருவுக்கு எறங்குனா அம்மா எங்க வீட்டுக்காரரைத்தான் சோதிப்பா."

"மூணாந் தண்ணிக்கு எத்தனை நாளாவும்?" என்றார் அண்ணாச்சி.

"இன்னும் முத்து எறங்கல. எட்டு நாளாவது ஆவும்."

உள்ளேயிருந்து இசக்கிப்பாண்டியின் குரல்: "வராதிய அண்ணாச்சி. வேலை போனாப் போட்டும். வேற எடத்துல தூக்கிக்கிடுதேன்."

"நாப்பத்தஞ்சு வயசுக்காரனை எவன் எடுப்பான்? பேசாமக் கெடங்க," என்று அவள் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். வாசலில் இருந்த மஞ்சள் தண்ணீரில் கால் கழுவினார். சைக்கிள் சாவியை என்னிடம் நீட்டினார்.

"வண்டியை வீட்டுல விட்டுருங்க தம்பி. சற்குணத்துட்ட சொல்லிருங்க, வர எட்டு நாளாவும்னு."

சற்குணம் அவர் மனைவி. சொன்னேன். "அதானே, இது ஒண்ணுதான் பாக்கி," என்றாள்.

ஆனால் அதற்கு முன், அண்ணாச்சி உள்ளே போன ஐந்தாவது நிமிஷம், "எண்ணாதிய, எண்ணப்படாது!" என்று ஆவுடைத்தாய் கத்துவது கேட்டது. ஜன்னல் வழியாக ஒரு தாள் வந்தது. 'நேரில் கண்டேன். அம்மை உண்டு. முகத்தில் இருபத்தாறு. முதுகில் எண்ண விடவில்லை. உள்ளேயே இருக்கிறேன். கோ. கோமதிநாயகம்.' தேதியும் மணியும் போட்டிருந்தார்.

கம்பெனியில் அந்தத் தாளோடு போய் நின்றதும், மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இந்தக் காகிதம் எங்கேருந்து வரது?"

"அந்த வீட்டுலேருந்துதான் சார்."

"மேஜைல வைக்காதேடா! எங்காத்துல ரெண்டு கொழந்தை இருக்கு. அங்கேயே நின்னு படி."

கதவோரம் நின்று படித்தேன். முதுகு விவரம் பூர்த்தியாகவில்லை என்றார். அப்படியானால் நிராகரித்து அதிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ரூலை எடுத்துச் சொல்லி, தாளை நீட்டினேன். அவர் தாளையும் என்னையும் பார்த்தார்.

"சரி, சரி. ஒன் ஃபைல்லயே வச்சுக்கோ."

இசக்கிப்பாண்டியின் பேர் வெட்டப்படவில்லை. பதிலி ஆள் எழுந்து போனான்.

அடுத்த கேள்வி அண்ணாச்சியைப் பற்றி. டைம்கீப்பர் மூன்று நாளாக வரவில்லை. யார் போய்ப் பார்ப்பது? நான் போனேன், ஜன்னல் வரைக்கும்.

"என்ன சீக்குன்னு எழுதட்டும் அண்ணாச்சி?"

"எனக்கு ஒண்ணும் இல்லியே."

"பனின்னு எழுதிடுதேன்."

"இல்லாத பனியை எப்படி எழுதுவிய?"

"வயித்து வலி?"

"மூணு நேரமும் கஞ்சி குடிக்கேன். இசக்கி பங்கையும் சேத்து."

'நோய்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டிருந்ததால் இந்தத் தடவை வரவில்லை. வந்திருந்தால் லீவு கிடைத்திருக்கும்.

மூன்றாம் தண்ணி ஊற்றிய மறுநாள் வேலைக்கு வந்தார். மேஜையில் மெமோ இருந்தது: நோயாளியைப் பார்க்க அனுப்பிய ஊழியர், நோய் இல்லாமலே நோயாளி வீட்டில் எட்டு நாள் தங்கியது ஏன்? கீழே அவர் ஒரே வரி எழுதினார்: 'பார்க்காமல் எழுத முடியாததால்.' டைம்கீப்பர் வேலையிலிருந்து அவரை எடுத்தார்கள். வீடு போய்ப் பார்க்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் டாக்டர் சீட்டு மட்டும்தான். சீட்டு வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை.

இது 1982. கோமதிநாயகம் அண்ணாச்சி இப்போது கம்பெனியின் ஆரியசாலைக் கிடங்கில் வாசல் காவலுக்கு இருக்கிறார். அடுத்த வருஷம் பங்குனியில் ஓய்வு பெறுகிறார். இசக்கிப்பாண்டி அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறார்.