ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளத்தில் ஒரு ஜெர்மன் கார்

எட்டாவது முடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். ஹூப்ளியில் லாரி கிளீனராக இருந்தேன், சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன், திருப்பூரில் சாயப்பட்டறைக்குத் தண்ணீர் லாரி ஓட்டினேன். கடைசியில் தாம்பரத்தில் வந்து இறங்கியபோது என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு டிரைவிங் லைசென்ஸ். இந்தப் பக்கத்தில் அதற்கென்று ஒரு தொழில் இருக்கிறது, ஆக்டிங் டிரைவர். ஒரு வீட்டு டிரைவர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் நாங்கள் போய் ஓட்டுவோம். வேளச்சேரி ரோட்டில் ஒரு டீக்கடைதான் எங்களுக்கு ஆபீஸ். போன் வந்தால் போவோம், சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவோம்.

பகலெல்லாம் பிறத்தியார் காரில் ஏசி. படுக்க மட்டும் ஊரப்பாக்கத்தில் பதினோரு பேர் தங்கும் ஷீட் போட்ட வீடு. புரண்டு படுக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஆளை எழுப்பிச் சொல்ல வேண்டும். குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. அப்படி இருந்தவனுக்குத் தனி அறை ஒன்று கிடைப்பதாக இருந்தது. அதற்கு ஒரே நிபந்தனை, ஒரு ஜெர்மன் கார் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

காரை வாங்கியவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தெருவில் குடியிருப்பவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது நாலு தெருவும் ஒரு சூப்பர் மார்க்கெட்டும் நிற்கின்றன. விற்றது போக மிச்சமிருந்த இடத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அவருக்கு எந்தக் குறையும் இல்லை, மண்டபத்து வாட்ச்மேன்களைத் தவிர.

ஜெர்மன் காரின் அருமை பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஓடுகிற சத்தமே கேட்காது, கதவைச் சாத்தினால் பீரோ சாத்துவது போலக் கனமாக ஒரு சத்தம் வரும், சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு வலி தெரியாது. எல்லாம் நிஜம்தான், நான் ஓட்டியிருக்கிறேன். ஆனால் தாம்பரம் பக்கத்தில் அதன் அருமையை முதலில் கண்டுபிடித்தவர்கள் மண்டபத்து வாட்ச்மேன்கள். சாதாரணக் கார் வந்தால் விசில் ஊதிப் பின்பக்க மைதானத்தைக் காட்டுவார்கள். மூக்கில் அந்த ஜெர்மன் கம்பெனிச் சின்னம் வைத்த கார் வந்தால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு சல்யூட் வைத்து, வாசலில் வாழைமரத்தை ஒட்டி இடம் காட்டுவார்கள். உள்ளே இருப்பவர் யார் என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

"நான் பொறந்த ஊருப்பா இது. அந்த மண்டபம் கீற எடமே எங்க சித்தப்பாவோடது. எங்க பழைய வண்டிய இட்டுகினு போனா, சமையல்காரன் பாத்திரம் கழுவுற எடத்தாண்ட நிறுத்தச் சொல்றான்" என்றார், நான் அவருக்கு ஆக்டிங் போன முதல் நாளே.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், தன் பையனுக்குத் தாம்பரத்தில் ரிசப்ஷன் வைத்திருந்தார். அதற்குப் பத்து நாள் இருந்தது. சகலைக்கு முன்னால் மைதானத்துக்குப் போவதில்லை என்று இவர் முடிவெடுத்துவிட்டார். ஜிஎஸ்டி ரோட்டில் பழைய வெளிநாட்டுக் கார் விற்கும் ஒரு கடைக்கு அவரையும் அவர் மனைவியையும் நான்தான் கூட்டிப்போனேன். அந்த அம்மாவை மேடம் என்று கூப்பிட்டேன். "அக்கான்னே கூப்புடுப்பா, மேடம்னா யாரோ பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

கடையில் டை கட்டிய ஒருவர் எங்களுக்கு ஜூஸ் கொடுத்துக் கம்பெனியின் வரலாற்றை ஆரம்பித்தார்.

"சார், உலகத்துல முதல் கார் பண்ணதே இவங்கதான். த்ரீ வீல். பண்ணவருக்கு அதை வெளிய எடுக்கத் தயக்கம். ஒருநாள் அவரோட வைஃப், ஹஸ்பெண்டுக்குத் தெரியாம, ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்கே ஓட்டிட்டுப் போயிட்டாங்க. வழியில பெட்ரோல் பங்க் கிடையாது. மெடிக்கல் ஷாப்ல வாங்கி ஊத்திக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் உலகம் நம்புச்சு."

"அப்போ பொண்டாட்டி அம்மா வூட்டுக்குப் போறதுக்குத்தான் காரே வந்துச்சா?" என்றார் முதலாளி.

அக்கா ஜூஸை வைத்துவிட்டுக் கேட்டார். "சொல்லாமலே போயிட்டாளா? அந்தாளு சோத்துக்கு என்ன பண்ணான்?"

டை கட்டியவர் இன்னொரு ஜூஸ் வரவழைத்தார். கார் வாங்கப்பட்டது. கறுப்பு, நீளம், தரையோடு தரையாக ஒட்டியிருந்தது.

திரும்பி வரும்போதே முதலாளி என்னிடம் சொன்னார். "நீ இனிமே ஆக்டிங் போவாத. நம்ம வூட்லயே இரு. பின்னால பம்பு ரூம் ஒண்ணு கீது, ஃபேன் போட்டுத் தர்றேன். மண்டபத்துல வண்டி முன்னாடி நின்னுச்சுன்னா நீ பர்மனென்ட், ரூமும் உனுது."

அன்றே போய்ப் பார்த்தேன். போர்ட்டிகோவின் கோடியில், அக்னி மூலையில், பம்பு மோட்டாரும் பழைய சாமானும் கிடந்த அறை. எட்டடிக்கு ஏழடி, சிவப்புத் தரை. கதவு இருந்தது, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் படுத்தது அந்த அறையில்தான். முதல் நாள் வேலையே இல்லாமல் இரண்டு முறை போட்டுப் போட்டுத் திறந்தேன்.

கார் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் தவறு நடந்தது. அதைச் சொல்ல எங்கள் பக்கத்து ரோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ரோடு போடுவது என்றால் பழைய ரோட்டின் மேல் புது ரோடு. சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிற வழக்கம் இல்லை. அந்த வீட்டைக் கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே போனார்களாம். இப்போது மூன்று படி இறங்க வேண்டும். கேட்டிலிருந்து போர்ட்டிகோவுக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு உண்டு. பழைய கார் உயரமானது, குதித்துக் குதித்து ஏறி இறங்கிவிடும்.

காரை வைத்து அவர்கள் பார்க்காதது எதுவும் இல்லை. நல்ல நேரம் பார்த்தார்கள். நம்பருக்குக் கூட்டுத்தொகை பார்த்தார்கள். வாஸ்துக்காரரை வரவழைத்து, கார் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சரிவை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. நாலரைக்கு ராகுகாலம் பிறக்கும். நாலு இருபதுக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"சார், அடி தட்டும் போல தெரியுது. ஒரு பலகை வச்சு இறக்கலாம்" என்றேன்.

"பத்து நிமிசம்தான்யா கீது. எறக்கு!"

இறக்கினேன். பூசணிக்காய் உடைந்த அதே நேரத்தில் கீழே 'கரக்' என்று ஒரு சத்தம். "பூசணிக்கா ஓடு" என்றார் முதலாளி. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கார் கிழக்கே பார்த்து நின்றது. அக்கா ஆரத்தி எடுத்தார்.

மறுநாள் காலையில் ரிவர்ஸில் ஏற்றினேன். பின் டயர் ரோட்டைத் தொட்டதும் நடு வயிறு சரிவின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. இன்னும் அழுத்தினால் அடியிலிருக்கும் ஆயில் தொட்டி கிழியும். நிறுத்தி, மெதுவாகப் பள்ளத்துக்கே இறக்கினேன்.

தெரு முழுக்க வந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. பலகை வைத்தோம், பலகை உடைந்தது. மணல் மூட்டை வைத்தோம், மூட்டை பிதுங்கியது. டயரில் காற்று கூட்டச் சொன்னார் ஒருவர், குறைக்கச் சொன்னார் இன்னொருவர். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அண்ணா, ஜெர்மன்ல எல்லாம் வூட்ட மேல கட்டுவாங்கோ போல" என்றார்.

"நீ மூட்ரா. உன் வூட்ல சைக்கிளே ஏற மாட்டுது" என்றார் முதலாளி.

வார்டில் செல்வாக்கு உள்ள ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "கவலையே படாதீங்க. அடுத்த மாசம் இந்தத் தெருவுக்குப் புது ரோடு வருது."

"பழச எடுத்துட்டுத்தான போடுவாங்கோ?"

"எடுக்கறதா? மேலதான். இன்னும் அரையடி."

ரிசப்ஷனுக்கு ஆறு நாள் இருந்தது. நான் தினமும் காலையில் காரைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். நகராத காருக்கு டிரைவர். கார் ஏறாவிட்டால் விற்றுவிடுவார், விற்றால் டிரைவர் எதற்கு, அறை எதற்கு? அந்த நாட்களில் அவரைவிட நான்தான் அந்தச் சரிவை அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். பேசாத மனிதர். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, காரின் முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையில் எவ்வளவு, வயிறு தரையிலிருந்து எவ்வளவு என்று கேட்டார். காருக்கடியில் படுத்து அளந்து சொன்னேன். தரையில் செங்கல் துண்டால் கணக்குப் போட்டார்.

"சரிவு நீளமா இருந்தா ஏறும். ரோட்டுப் பக்கம் நீட்ட முடியாது, ஈபி பெட்டி நிக்குது. உள்பக்கம் நீட்டணும். இன்னும் எட்டடி."

"நீட்டு" என்றார் முதலாளி.

"அப்போ வண்டி எட்டடி உள்ள போயி நிக்கணும்ணா. அந்த ரூமு போயிரும்."

எல்லோரும் திரும்பி அறையைப் பார்த்தார்கள். கொடியில் என் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

கார் ஏறாவிட்டால் அறை இல்லை. கார் ஏறினாலும் அறை இல்லை. இவ்வளவு பெரிய கணக்கை எனக்கு எந்த வாத்தியாரும் போட்டதில்லை. அளவை அரையடி குறைத்துச் சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றியது. சொல்லியிருந்தாலும் மேஸ்திரி இன்னொரு முறை டேப் பிடித்திருப்பார். இப்படிச் சொன்னேன்: "சார், இந்தப் பக்கம் வேணாம். அந்தப் பக்கம் செருப்பு ஸ்டாண்டும் தொட்டியும் இருக்கு. வண்டிய அப்படிச் சாய்ச்சு நிறுத்தினா ரூம் தப்பிச்சிரும்."

"அது ஈசானி மூலைய்யா! அங்க கைய வச்சா குடும்பத்துக்கு ஆவாது." வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். அக்னி மூலையில் தண்ணீர் மோட்டார் இருப்பதே தப்பு, அந்த அறையை இடிப்பது ரொம்ப விசேஷம் என்று பதில் வந்தது. "பாத்தியா?" என்றார் என்னிடம், எனக்கும் சேர்த்து நல்லது நடந்துவிட்டது போல.

"ஏங்க, அவன் எங்க படுப்பான்?" என்றார் அக்கா.

"ரூம்தான போவுது? வேல எங்க போவுது?"

இரண்டு ஆள், அரை நாள். பம்பைத் தொட்டிப் பக்கம் மாற்றினார்கள், காரை அறை இருந்த தரைக்கு நகர்த்தினேன். இடிந்த செங்கல்லையே போட்டு நிரப்பி மேலே சிமெண்ட் பூசினார்கள். காய்வதற்குள் நாய் நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று நாள் பார்த்துக்கொண்டேன். ரிசப்ஷன் அன்று சாயங்காலம், ரிவர்ஸில், ஒரு சத்தமும் இல்லாமல் கார் மேலே வந்தது. தெருவில் கை தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரரும் தட்டினார். எனக்கும் ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மண்டபத்தில் வாட்ச்மேன் தூரத்திலேயே காரின் மூக்கைப் பார்த்துவிட்டார். விசில் வாயிலிருந்து இறங்கியது. சல்யூட். வாழைமரத்தை ஒட்டி நிறுத்தினேன். முதலாளி உடனே உள்ளே போகவில்லை. வேஷ்டியைச் சரிசெய்தார், பிறகு கதவை இன்னொரு முறை திறந்து சாத்தினார், பீரோ சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. சகலை வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா சகல, செகண்ட்ஸா?"

"இந்த வண்டிக்கு செகண்ட்ஸ்னே கெடையாது. இத மொத மொதல்ல ஓட்டுனதே அந்தக் கம்பெனிக்காரன் பொண்டாட்டி. மெடிக்கல் ஷாப்ல மருந்து வாங்க எடுத்துகினு போச்சாம். வரலாறு தெரிஞ்சிக்கோ."

அவர் அன்று இரண்டு பந்தி தாண்டித்தான் சாப்பிடப் போனார். அதுவரை வாசலில் நின்று, காரைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பதில் சொன்னார். அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் கேட்டேன். "சார், ரூம்னு சொல்லியிருந்தீங்க."

"நீ பர்மனென்ட்தான்யா. படுக்கறதுக்கு இன்னா, கார் கீதே. பின் சீட்டுல படு. அந்த மாதிரி சீட்டு நம்ம வூட்டு கட்டில்ல கூட கெடையாது."

"கார்ல படுத்தா மூச்சு முட்டாதா?" என்றார் அக்கா, தோசைக் கரண்டியோடு வெளியே வந்து.

"கண்ணாடிய எறக்கிக்கட்டும்."

"கொசு வருமே."

"அப்ப ஏத்திக்கட்டும்."

"இல்ல சார்" என்றேன். "ரூம் இல்லன்னா நான் ஆக்டிங்கே போறேன். ஊரப்பாக்கத்துல என் எடம் இன்னும் காலியாத்தான் இருக்கும்." அவருக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. ஜெர்மன் காரை விட்டுவிட்டு ஒருவன் ஊரப்பாக்கத்துக்குப் போவான் என்பது அவர் கணக்கில் இல்லை. அக்கா இரண்டு தோசை வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஊரப்பாக்கத்தில் என் இடத்தில் வேறொருவர் படுத்திருந்தார். பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன்.

அந்த வீட்டில் எந்த டிரைவரும் இரண்டு மாதம் தாண்டுவதில்லை. புதிதாகப் போகிறவர்கள் எல்லாம் எங்கள் டீக்கடைக்கு வந்து என்னைத்தான் கேட்கிறார்கள். போன வாரமும் ஒருவர் வந்தார்.

"அண்ணா, அந்த ஜெர்மன் வண்டி. சரிவுல ஏத்தறப்ப பின்னாடி லைட்டா தட்டுது. ரோடு வேற மேல போட்டுட்டானுங்கோ. எப்டிண்ணா நீ ஏத்துவ?"

"நேரா ஏத்தாத. வண்டிய நல்லா உள்ள வுட்டுக்கோ. கோடியில சிமெண்ட்டு முடியற எடத்துல கொஞ்சம் செவப்புத் தரை தெரியும், பாத்துகிறியா? ஏழடி இருக்கும். லெஃப்ட் வீல அதுல வச்சு, அங்கேர்ந்து மெதுவா எடு. தட்டாது."

"அது இன்னாண்ணா, அங்க மட்டும் செவப்பா?"

"நான் இருந்த ரூமு" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, "லெஃப்ட் வீலுதான?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்பினார்.