எல்லோருக்கும் முதல் பந்தி

அக்காவின் கல்யாணத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் போட்டே தீருவது என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். பிலிமத்தலாவையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்ததால், அந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளையோ கொழும்பில் கம்ப்யூட்டர் என்ஜினியர். பெண் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, அக்காவும் அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அசந்துபோகும்படி பக்கம் அமைய வேண்டும் என்பது மாமாவுக்கு மானப் பிரச்சினை.

உச்சியில் அக்காவின் படம். அதன்மேல் ஓயாமல் மல்லிகை உதிரும், நாதஸ்வரம் தானாக ஒலிக்கும். கீழே சொந்தக்காரர்கள்; கூட்டம் அதிகம் என்பதால் மிச்சப்பேரை இரண்டாவது பக்கத்தில் போடலாம் என்று மாமா நினைத்திருந்தார். ஹேவாஹெட்டயிலிருந்து வந்த பெரியப்பாதான் சிக்கலைத் தொடக்கி வைத்தார்.

"ரெண்டாவது பக்கத்துல போடுறதும் ரெண்டாம் பந்தியில உக்கார வைக்கிறதும் ஒன்னுதான் மச்சான்."

அதற்குப் பிறகு யாரை ஒதுக்க முடியும்? கெமராவில் எடுத்த படங்களை எடுத்த அளவிலேயே, ஒருவர் விடாமல் ஒரே பக்கத்தில் ஏற்றிவிட்டார் மாமா.

அன்று மாலையே மாப்பிள்ளை மாமாவுக்குப் போன் எடுத்தார். பக்கத்தைத் திறந்ததும் கம்ப்யூட்டர் ஸ்டக் ஆகிவிட்டதாம். மாமா தன் கடையில் திறந்து பார்த்தார். அங்கும் அக்காவின் முகம் வந்ததோடு எல்லாம் நின்றுபோனது. மல்லிகை அந்தரத்தில் நிற்க, நாதஸ்வரம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது. பாவம் அந்த மெஷின், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இலை போடப் போய், இடம் போதாமல் கையை விரித்துவிட்டது.

"சகுனமே சரியில்லையே" என்று அம்மா கலங்கினாள். மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் படங்களை முத்திரை அளவுக்குச் சுருக்கினார், பூவையும் நாதஸ்வரத்தையும் நிறுத்தினார். யாரும் இரண்டாம் பந்திக்குப் போகவில்லை, பக்கமும் பட்டென்று திறந்தது. எங்களுக்கு உயிர் வந்தது.

ஆனால் மாலையில் மாப்பிள்ளை மறுபடியும் எடுத்தார், இந்தமுறை வீட்டுக்கு. அம்மா போனை அக்காவிடம் கொடுத்தாள்.

"இன்னுமா ஸ்டக் ஆகுது? எந்த இடத்துல?"

"உங்க போட்டோவுலதான்" என்றது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அக்கா அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாளும் அதே புகார் வந்தது, கல்யாணம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

எனக்கோ அக்காவை நினைத்துப் பெரும் கவலை. மாமா ஒரே நாளில் சரிசெய்த பக்கத்தை இந்த என்ஜினியருக்குத் திறக்கக்கூடத் தெரியவில்லையே, இவரைக் கட்டிக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்தப் போகிறாள்?