ஒடிக்காத அடிமுளைகள்

பியோனி பூக்கும் நாட்களில் ஃபெங்ச்சின் தன் வாசல் கதவைத் தாழிட்டே வைத்திருப்பாள். சீனாவில் சாவ்ஜோவுக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பெரிய தோட்டங்களைச் சுற்றி முடித்த வெளியூர்க்காரர்கள் சந்துகளுக்குள்ளும் நுழைவார்கள். எந்த முற்றத்தில் நல்ல செடி தெரிகிறதோ அங்கே நின்று படம் எடுப்பார்கள். வீட்டுக்காரர்கள் முக்காலி எடுத்துப் போட்டு, குடிக்க வெந்நீர் கொடுத்து, தங்கள் செடிக்குக் கிடைக்கும் புகழ்ச்சியைத் தங்களுக்கே கிடைத்ததுபோல வாங்கிக்கொள்வார்கள்.

"உள்ள என்ன, பேரரசரையா ஒளிச்சு வச்சிருக்கே?" என்று பக்கத்து வீட்டு தோங் அக்கா கேட்பாள்.

"நாய் இருக்கு. கடிச்சிரும்."

"உன் நாய் செத்து நாலு வருஷம் ஆச்சுடி."

ஃபெங்ச்சினுக்கு வடக்குத் தோட்டத்தில் கூலி வேலை. புருஷன் இறந்த வருஷம் போனவள், இன்றுவரை போகிறாள். முன்னோர் கல்லறைகளைக் கூட்டும் சிங்மிங் நாளையொட்டிப் பெண்கள் பாத்திகளில் வரிசையாகக் குந்திவிடுவார்கள். உயர்ந்த ரகப் பியோனிகளில் பெரும்பாலானவை சொந்த வேரில் நிற்பவை அல்ல. வெள்ளைப் பியோனியின் வேரில் ஒட்டுப் போட்டு வளர்த்தவை. விதையை ஆட்டி எண்ணெய் எடுப்பதற்காக வயல் வயலாகப் பயிரிடுகிறார்களே, அந்த வெள்ளைதான். முரட்டு உயிர். வசந்தம் வந்ததும் மண்ணுக்கு அடியிலிருந்து தன் முளைகளை மேலே அனுப்பும். மண்ணை விலக்கி அந்த அடிமுளைகளை வேரோடு சேரும் இடத்தில் ஒடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மேலே ஒட்டியது கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி கிடந்து சாகும், வேர் தன்னுடைய பூவைப் பூக்கும். வேரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அதன் சம்மதத்தைக் கேட்டு யாரும் ஒட்டுப் போடவில்லை.

வீட்டுச் செடிகளுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டுப் போட்ட கைதான் அடிமுளையை ஒடிக்க வேண்டும். ஒட்டு எந்த ஆழத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். இன்னொருவர் கை வைத்தால் நல்ல தளிரும் சேர்ந்து போய்விடலாம்.

ஃபெங்ச்சினின் ஒரே மகள் ருய்ஃபாங். ஒரு குளிர்காலத்தில் அவள் தோட்டத்து லாரியோடு தெற்கே ஃபோஷானுக்குப் போனாள். புத்தாண்டு விற்பனைக்காகச் செடிகளை வேரோடு தோண்டி, வெயில் அடிக்கும் ஊருக்குக் கொண்டுபோய், பருவத்துக்கு முன்பே பூக்கவைக்கும் வேலை. திரும்பி வந்தவள், அங்கே டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"அவங்க பேசறது உனக்குப் புரியுமா?" என்றாள் ஃபெங்ச்சின்.

"புரியற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருப்பேன்."

"மூணு வேளையும் சோறு திங்கற ஊரு. ஒரு ரொட்டி கிடைக்குமா?"

"நானே சுட்டுக்கறேம்மா. மாவு அங்கயும் விக்கறாங்க."

இப்படியே பல மாதம். கடைசியில் ஃபெங்ச்சின், "போறதுன்னா போ. எனக்காக ஒண்ணும் திரும்பிப் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் அது அதிகம் என்று தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவளிடம் இல்லை.

புறப்படுவதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ருய்ஃபாங் முற்றத்தில் ஒரு செடி ஒட்டுப் போட்டாள். மைக்குளத்தில் படுத்த பச்சை டிராகன் என்று அந்த ரகத்துக்கு நீண்ட பெயர். ஊரில் மைக்குளம் என்றுதான் சொல்வார்கள். கருஞ்சிவப்பு, நிழலில் பார்த்தால் கறுப்பு. நடுவில் மட்டும் பச்சை. ருய்ஃபாங் ஒட்டைச் சணல் நாரால் இறுக்கிக் கட்டி, மண் மூடி, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வசந்தத்துல நானே வந்து அடிமுளை ஒடிக்கிறேன். நீ கை வைக்காதேம்மா."

ஃபெங்ச்சின் மாவு பிசைந்துகொண்டே இருந்தாள்.

வசந்தம் வந்தது. ஃபோஷானிலிருந்து ஃபோன் வந்தது.

"அம்மா, முளை வந்திருச்சா? டிக்கெட் எடுக்கட்டுமா?"

"எதுக்கு? எல்லாம் நானே ஒடிச்சாச்சு. செடி நல்லா இருக்கு. நீ உன் வீட்டுக்காரரைப் பாரு."

"நிஜமாவா?"

"இந்த வேலைக்குத்தானே கூலி வாங்கறேன்? எனக்குத் தெரியாதா?"

"சரிம்மா" என்றாள் ருய்ஃபாங்.

ஃபெங்ச்சின் ஒரு முளையைக்கூட ஒடித்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் செடியின் முன்னால் குந்தினாள். மண்ணை விலக்கினாள். வெள்ளையின் முளைகள் கொழுத்து நின்றன. ஒட்டிய தளிர் விரல் நீளத்தில் செம்மையாக இருந்தது. தோட்டத்தில் யோசிக்காமல் வேலை செய்யும் விரல்கள் இங்கே நகரவில்லை. 'அவ செடி. அவளே வந்து ஒடிக்கட்டும்.' வரவேண்டாம் என்று சொன்னதும் அவள்தான், வருவதற்கு ஒரு வேலையை மிச்சம் வைத்ததும் அவள்தான். இரண்டையும் ஒரே மனம் ஒரே நாளில் செய்தது. மண்ணை மறுபடி மூடிவிட்டு எழுந்துபோனாள்.

அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கடுத்த வருஷம் வெள்ளைப் பூக்களுக்கு நடுவே இரண்டு கறுப்புப் பூக்கள் வந்தன. ருய்ஃபாங் கேட்டபோது, "ரெண்டு பூ. கிண்ணம் மாதிரி" என்றாள். அது உண்மை. பிறகு ஒன்று வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அதற்குள் கேமரா உள்ள ஃபோன்கள் வந்துவிட்டன. ஃபெங்ச்சின் தோட்டத்தில் நிற்கும் மைக்குளத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பத் தொடங்கினாள். வருஷத்துக்கு ஒரு படம், பின்னால் சுவர் இல்லாத கோணத்தில்.

"வீடியோல காட்டேம்மா."

"வீட்டுல சிக்னல் இல்ல."

"இப்ப வீட்டுல இருந்துதானே பேசறே?"

"பேச்சுக்குக் கிடைக்குது. படத்துக்குக் கிடைக்கல."

மகள் வந்துபோகாமல் இல்லை. சில புத்தாண்டுகளுக்கு வந்தாள். அப்போது செடி இலையுதிர்ந்து, வைக்கோல் சுற்றி, எந்தப் பூவின் செடி என்று யாரும் சொல்ல முடியாதபடி நிற்கும். பூக்கும் காலத்தில் மட்டும் அவள் வரவில்லை. அவளுக்கும் அந்தப் பொய்க்கும் நடுவில் பருவம் ஒரு மறைப்பாக நின்றது.

இந்த வருஷம் பேச்சு வேறுமாதிரி வந்தது. "கடையில ஆள் போட்டாச்சும்மா. பூ பாக்க வரேன். நம்ம மைக்குளத்தை ஒரு தடவையாவது நேர்ல பாத்திரணும்."

ஃபெங்ச்சின் அன்று முதல்முறையாகத் தோங் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். தோங் அக்கா முற்றத்தில் மார்பளவு நின்ற வெள்ளைப் புதரைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் பூட்டா?"

"என்ன செய்யறது, அக்கா?"

"என்கிட்டே கேக்கறியே, நான் என்ன செய்வேன்! வேற மைக்குளத்தைக் கொண்டுவந்து நடு."

"வசந்தத்துல நட்டா பிழைக்குமா?"

"பிழைக்க வேணாம். அவ இருக்கற வரைக்கும் நின்னா போதும். இல்லன்னா நாலு பூவை வெட்டிட்டு வந்து கம்பியில கட்டு. தூரத்துல இருந்து பாக்கச் சொல்லு."

"அவ ஒட்டுப் போட்டவ, அக்கா."

"அப்ப உண்மையச் சொல்லு. எனக்குத் தெரிஞ்சு வேற வழி இல்ல."

ருய்ஃபாங் வந்த அன்று ஃபெங்ச்சின் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் பேருந்து நிலையத்திலிருந்தே தோட்டங்களுக்கு அழைத்துப் போனாள். மகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பழங்காலப் பட்டு உடையை வாடகைக்கு எடுத்து, கொண்டையில் காகிதப் பியோனி செருகிய பெண்கள் எங்கே பார்த்தாலும் நின்றார்கள். வரப்பில் இறங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கி கெஞ்சிக்கொண்டே இருந்தது. எல்லோரும் செல்ஃபோன் பக்கம் திரும்பி நிற்க, பூ முதுகுப்பக்கம் இருந்தது. ருய்ஃபாங் மட்டும் ஒவ்வொரு செடியின் முன்னாலும் குனிந்து அடியைப் பார்த்தாள். பழைய பழக்கம்.

மதியம் ஆட்டுக்கறி சூப்பும் எள் ரொட்டியும். "இதுக்காகவே வருஷா வருஷம் வந்திருக்கலாம்" என்று ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள் மகள். ஃபெங்ச்சின் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டாள்.

"மேற்குத் தோட்டத்தையும் பாத்திரலாமா?"

"அம்மா, கால் வலிக்குது. இதெல்லாம் ஊரார் பூ. வா, நம்மளோடதைப் பாக்கலாம்."

கதவைத் திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைப் பூக்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அதுவே அவமானமாக இருந்தது. ருய்ஃபாங் பையைக் கீழே வைத்தாள். செடியைச் சுற்றி வந்தாள். குந்தி, இலைகளை ஒதுக்கி, விரலால் மண்ணைத் தோண்டினாள். ஒட்டிய இடத்தில் கருகிய ஒரு குச்சி இருந்தது. தொட்டதும் கையோடு வந்தது.

"எப்ப செத்துச்சு?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும்."

"அப்ப அந்தப் படமெல்லாம்?"

"தோட்டத்துல எடுத்தது."

ருய்ஃபாங் கையைக் கழுவச் சமையலறைக்குள் போனாள். அங்கே ஈரத்துணி மூடிய வாளி. துணியைத் தூக்கிப் பார்த்தாள். காம்போடு வெட்டிய கறுப்புப் பூக்கள். பக்கத்தில் மெல்லிய கம்பிச் சுருள்.

"கட்டறதுக்கா?"

"தோங் அக்கா சொன்னா. மனசு வரல."

ருய்ஃபாங் சிரித்துவிட்டாள். ஃபெங்ச்சினும் சிரித்தாள். இருவர் சிரிப்பும் ஒன்றாகவே நின்றது.

"அம்மா, முதல் வருஷம் உனக்கு ஃபோன் பண்ணினப்ப டிக்கெட் எடுத்தாச்சு. கையில வச்சுக்கிட்டுத்தான் எடுக்கட்டுமான்னு கேட்டேன். நீ ஒடிச்சாச்சுன்னு சொன்னே. போய் ரத்து பண்ணிட்டு வந்தேன்."

ஃபெங்ச்சின் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீ வாடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வருஷா வருஷம் வந்திருப்பேன்" என்ற ருய்ஃபாங், உடனே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. அப்படியும் சொல்ல முடியாது. படத்தைப் பாத்து எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. அதுல இருந்தது நம்ம மண்ணு இல்ல. ஆனா கேக்கல. கேட்டா கிளம்பி வரணும்ல? செடி நல்லா இருக்குன்னு நீ சொல்றது எனக்கு வசதியா இருந்துச்சு."

அதற்குமேல் அவர்கள் செடியைப் பற்றிப் பேசவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் ஏதாவது முடிந்திருக்கும். மகள் இருந்த நாட்களில் ஃபெங்ச்சின் வேலைக்கும் போகவில்லை, கதவையும் பூட்டவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து வெள்ளைப் பூவைப் படம் எடுத்தார்கள். ருய்ஃபாங் அவர்களுக்கு வெந்நீர் கொடுத்தாள். வழிக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டிகளை மறுக்காமல் வாங்கிக்கொண்டு ஃபோஷானுக்குப் புறப்பட்டாள். அடுத்த வருஷம் என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் ஃபெங்ச்சின் தோட்டத்து மேஸ்திரியிடம் கேட்டு மைக்குளத்தின் தண்டு ஒன்று வாங்கி வந்தாள். ஈரத்துணியில் சுற்றி முற்றத்தில் உட்கார்ந்தாள். வெள்ளையை அடியோடு வெட்டி, வேரைப் பிளந்து, தண்டைச் சீவிச் செருகினாள். அது சுலபமான வேலை. எப்போதுமே சுலபமாகத்தான் இருந்தது.

வசந்தத்தில் அடிமுளைகள் வந்தன. இம்முறை ஒட்டுப் போட்ட கை அவளுடையது. வழக்கப்படி ஒடிக்க வேண்டியவளும் அவளே. குந்தியிருந்தபோது ஃபோன் அடித்தது.

"சாப்பிட்டியாம்மா? செடி எப்படி இருக்கு?" பழகிப்போன கேள்வி. பின்னணியில் டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் இரைந்தது.

நல்லா இருக்கு என்ற வார்த்தை ஃபெங்ச்சினின் நாக்கு நுனிவரை வந்தது. இந்தத் தடவை அது பொய்யும் அல்ல. ஒட்டுப் பிடித்திருந்தது, செந்தளிர் இரண்டு இலை விட்டிருந்தது.

"முளை நிறைய வந்திருக்கு" என்றாள். "நான் ஒடிக்கல. நீ வா."

இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யாரோ நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"இந்த மாசம் முடியாதும்மா. கடையில ஆள் நின்னுட்டான்" என்றாள் ருய்ஃபாங் மெல்ல. "நீயே ஒடிச்சிரு. விடாதே. இன்னிக்கே ஒடிச்சிரு."

"சரி."

"நிஜமா ஒடிக்கணும்."

"நிஜமாத்தான்."

ஃபோனை முக்காலியில் வைத்துவிட்டு அவள் மண்ணை விலக்கினாள். ஒவ்வொன்றாக ஒடித்தாள். ஒடியும்போது ஒவ்வொன்றும் சின்னதாய் ஒரு சத்தம் போட்டது. தோட்டத்தில் அத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை.