ஷைனி அக்காவின் இரண்டாவது விண்ணப்பம்

பள்ளி விட்டு வெளியே வந்தபோது வாசலில் அம்மா நின்றிருந்தார். அம்மா என்னை அழைக்க வருவதே இல்லை. "ஷைனி போயிட்டா மக்கா" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதையும் அவசரமாகவே செய்யும் அக்கா இதிலும் அவசரப்பட்டுவிட்டார் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

நம் சபையின் பாடகர் குழுவை நடத்தியவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரிய இசைக்குழுக்களை நடத்தும் கலையை ஜெர்மனியில் படிக்க வேண்டும், அதற்கு உதவித்தொகை வேண்டும் என்பதே அவருடைய ஒரே பேச்சு. அவர் உட்கார்ந்து சாயா குடித்து நான் பார்த்ததில்லை.

"கைய ஆட்டுகதுக்கு ஒரு படிப்பா பிள்ளே?" என்று சபைச் செயலர் மாமா ஒருநாள் பயிற்சியின்போது கேட்டார்.

"ஒருக்கா நீங்க நின்னு ஆட்டிப் பாருங்க மாமா" என்ற அக்கா, எங்களிடம் திரும்பி, "அவரு கை போற மாதிரியே பாடணும், கேட்டியளா?" என்றார்.

மாமா கூச்சத்தோடு கையை உயர்த்தினார். தொடங்கினோம். அவர் கை சோர்ந்தது, பாட்டும் இழுத்தது. கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அவர் பட்டென்று அடித்தார். அந்த அடிக்கு நாங்கள் எல்லோரும் உச்சக் குரலில் கத்தினோம். மாமா இரண்டடி பின்னால் துள்ளினார். "எம்மா! வண்டி ஓட்டுகதவிடக் கஷ்டம்லா!" என்றார். அக்காவின் பயணச் செலவுக்குக் காணிக்கை எடுக்கக் கமிட்டியில் வாதாடியவர் அவர்தான்.

படிப்புச் செலவுக்குத்தான் வழியில்லை. உதவித்தொகை கேட்டால், இசைக்குழுவை நடத்தும் வீடியோ ஒன்றை, முகமும் கையும் தெரியும்படி அனுப்பச் சொன்னது அங்குள்ள இசைக் கல்லூரி. அக்கா குளச்சல், மார்த்தாண்டம் என்று அலைந்து வயலின்காரர்களைத் திரட்டினார். கல்யாண பேண்ட் செட்டிலிருந்து டிரம்பெட்காரர்களும் வந்தார்கள். நானும் என் வயலினோடு சேர்ந்துகொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசித்தோம். கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன்தான் படம் பிடித்தார். போட்டுப் பார்த்தால் போதகர் இருக்கிறார், முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவர் விடாமல் இருக்கிறார்கள், பூ அலங்காரம் இருக்கிறது. அக்காவின் முதுகு மட்டும் இருக்கிறது.

"யாராவது விட்டுப்போனா பொறவு எனக்கில்லா ஏச்சு!" என்றார் அண்ணன்.

அனுப்ப மறுநாள் கடைசி. பேண்ட் செட்டோ இராஜாக்கமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. அக்கா கிடைத்த வயலின்காரர்களோடு என்னையும் இழுத்துக்கொண்டு அங்கேயே போனார். மண்டபத்துக்குப் பின்னால், பிரியாணி அண்டாக்களுக்குப் பக்கத்தில் வாசிப்பு நடந்தது. என் வயலினை வாங்கி வைத்துவிட்டு போனைக் கையில் தந்தார். "ஏட்டி, என் மூஞ்சிய விடாத. பந்திக்குப் போற ஆள எடுத்தியோ, கொன்னுருவேன்!"

கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித்தொகை கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. நான் அழுதேன். அக்கா ஏசினார்.

"அழுகதுக்கு எங்கட்டி நேரம்? அடுத்த வருசம் இன்னும் பெருசா எடுப்போம். வயலினுக்கு இங்க ஆள் நெறைய. வியோலாவுக்குத்தான் ஒருத்தரும் இல்ல. நீ மாறு."

வியோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தாழ்ந்தது. "அது யார் காதுலயும் விழாதுக்கா" என்றேன்.

"விழாட்டி என்ன? எனக்குக் கேக்கும்லா."

காய்ச்சல் தொடங்கிய அன்றுதான் இரவல் வாங்கிய வியோலா ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உட்காரச் சொன்ன அம்மாவிடம் "நேரமில்ல, இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டாவது விண்ணப்பம் இனி போகாது. ஆனாலும் நான் வயலினுக்குத் திரும்பவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அடுத்த வருசப் பாட்டில் வியோலா வாசிக்க வேண்டிய வரிதான். மற்றவர்கள் வாசிக்க, நான் சும்மா இருக்க வேண்டிய நீண்ட இடங்கள் அதில் வருகின்றன. மறுபடி எப்போது பாட்டுக்குள் நுழைவது என்பதை அவர் கண்ணால் சொல்வதாக இருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். எதிரே சுவர்தான் இருக்கிறது. ஆனாலும் சரியான இடத்தில் நுழைந்துவிடுகிறேன்.