மாற்றி எழுதச் சொன்னவர்

ஆரணியில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தின் லேபில் நான் வேலை பார்த்தபோது வந்தவர் அவர். பட்டுச்சேலை வியாபாரி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எந்நேரமும் மீசையை முறுக்கியபடி இருப்பார். வரவேற்பறையில் எல்லார் காதிலும் விழும்படி, "எங்க வம்சத்துல ஆம்பளைக்குக் குறை கிடையாதுங்க, இவளாலதான் பேஜார்" என்பார். அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கணவருடைய விந்தை நான் பரிசோதித்தேன். உயிரணுக்கள் குறைவு, இருந்தவற்றிலும் பாதி அசையவில்லை. ரிப்போர்ட்டைப் படித்தவர் லேப் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், யாருக்குக் குறைன்னு எங்கம்மா கேட்டுகினே இருக்காங்க. குறை அவளுக்குன்னு மாத்தி எழுதிக் குடுங்க. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"முடியாதுங்க. வெளியே போங்க" என்றேன்.

பிறகு சிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அவர் விந்தைக் கழுவி, நன்றாக நீந்தும் உயிரணுக்களை மட்டும் பிரித்துக் கொடுத்தேன். டாக்டர் அதை மனைவியின் கருப்பைக்குள் செலுத்தினார். மூன்றாவது முறை கரு தங்கியது.

அவர் லட்டுப் பெட்டியோடு வந்து நர்ஸுகளிடம் மார்தட்டினார். "சொன்னேன் இல்ல? நம்மகிட்ட ஒரு குறையும் இல்ல. இவளுக்குத்தான் வைத்தியம் தேவைப்பட்டுச்சு."

அந்த ஆளை இன்று நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு லட்டு கொடுத்த அவர் மனைவி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பையன் பொறந்தா இவரு மாதிரியேவா இருப்பான் அக்கா?"