படி இல்லாத பஸ்

இன்று காலை தாமுவே நிறுத்தத்தில் புதிய தாழ்தள பஸ் வந்து நின்றது. வாசலில் படியே இல்லை. நடைபாதையிலிருந்து அப்படியே உள்ளே நடந்து போகலாம்.

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு ராணி அக்கா. வழக்கம்போல், இங்கே பெண்களும் கட்டும் கைலியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, காலை உயர்த்தி, இல்லாத படியில் வைத்துத் தடுமாறினார். பிடித்துக்கொண்டேன்.

உட்கார்ந்த பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலியோடு பஸ் ஏற முடியவில்லை என்றுதான் போன வருஷம் டீச்சர் வேலையை விட்டார்.

"இத்தன நாளா முட்டியத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். பஸ்தான் உசரமா இருந்திருக்கு."



தின்கன்ஜூன் நிறுத்தத்தில் இறங்கும்போது பார்த்தால், நானும் கைலியைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். இல்லாத படிக்குக் காலைத் தூக்குகிறவர்கள் இங்கே வேறு யாரெல்லாம்?